அமெரிக்கக் கடல்வழிச் சரக்கு இடையீட்டாளர் சட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு (1916–2024)

ஆய்வுச் சுருக்கம்

கப்பல் நிறுவனத்திற்கும் சரக்கு உரிமையாளருக்கும் நடுவே நின்று தொழில் செய்வோர் கடல்வழிச் சரக்கு இடையீட்டாளர் எனப்படுவர். இவர்களை நெறிப்படுத்த ஐக்கிய அமெரிக்க நாடு 1916 முதல் இயற்றிவந்த சட்டங்களை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. இன்று ‘நல்ல தொழில் நடைமுறை’ என்று பயிற்றுவிக்கப்படும் விதிகளில் பல, முற்காலத்தில் எழுந்த வழக்குகளுக்கும் பூசல்களுக்கும் கிடைத்த விடைகளே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இடையீட்டாளர் யாருக்காக உழைக்கிறார், சரக்குக்கு யார் பொறுப்பு ஆகிய இரு வினாக்களே இவ்வரலாற்றை இயக்கியுள்ளன என்பது நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சரக்கு முகவர், என்.வி.ஓ.சி.சி., பிணைப்பத்திரம், தரகு, கப்பல் இரசீது, கடல்சார் ஆணையம்.

முன்னுரை

ஏற்றுமதியாளர் கப்பல் நிறுவனத்தோடு நேரில் பேசித் தம் சரக்கை அனுப்புவது எல்லா வேளையிலும் இயல்வதன்று. கப்பலில் இடம் பிடிப்பது, சுங்க ஆவணங்களை ஆயத்தம் செய்வது, கப்பல் இரசீதைப் பெறுவது, கப்பல் கட்டணத்தைச் செலுத்துவது ஆகிய பணிகளை அவர் ஓர் இடையீட்டாளரிடம் ஒப்படைக்கிறார். இதனால் அவருடைய பணமும் ஆவணமும் மட்டுமன்றி, சரக்கை வாங்குபவர் யார், விலை என்ன என்ற வணிக மறைபொருளும் இடையீட்டாளர் கைக்குச் செல்கின்றன. கட்டணத்தைப் பெற்றுக்கொண்ட இடையீட்டாளர் அதனைக் கப்பல் நிறுவனத்திற்குச் செலுத்தாமல் நொடித்துப்போனால், ஏற்றுமதியாளர் அதே கட்டணத்தை இரண்டாம் முறையும் செலுத்த நேரிடலாம். பெருநிறுவனம் அவ்விழப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்குச் சில பெட்டிகளே அனுப்பும் சிறு வணிகருக்கு அது தொழிலையே முடித்துவிடக் கூடியது. சட்டம் இடையீட்டாளரைக் கருத்தில் கொள்ள வேண்டியதன் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

1916ஆம் ஆண்டுச் சட்டமும் ‘பிற நபர்’ என்ற சொல்லாட்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல் நிறுவனங்கள் கூட்டமைப்புகளாக இணைந்து கட்டணத்தை முடிவு செய்தன. தங்களை விட்டு விலகாத வணிகருக்குக் காலந்தாழ்த்திக் கழிவு வழங்கின; போட்டியாளரை ஒழிக்கத் தனிக் கப்பல்களைக் குறைந்த கட்டணத்தில் ஓட்டின. இவற்றை ஆராய்ந்த பிரதிநிதிகள் சபைக் குழு, ஜோஷுவா அலெக்சாண்டர் தலைமையில் 1914இல் தன் அறிக்கையை அளித்தது. அவ்வறிக்கையின் அடிப்படையில் 1916 செப்டம்பரில் கப்பல் சட்டம் நிறைவேறியது. கூட்டமைப்புகளை அது ஒழிக்கவில்லை. அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. காலந்தாழ்த்திக் கழிவு தருவதைத் தடை செய்தது.

அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் கப்பல் நிறுவனங்களே. எனினும், ‘இச்சட்டத்திற்கு உட்பட்ட பிற நபர்’ என்ற வரையறையில், பொதுச் சரக்கேற்றுநரோடு தொடர்புடைய வகையில் சரக்கு அனுப்பும் தொழிலைச் செய்வோரும், துறைமேடை, கிடங்கு போன்ற வசதிகளை அளிப்போரும் சேர்க்கப்பட்டனர். பொதுச் சரக்கேற்றுநர் என்பவர், கேட்போர் எவருடைய சரக்கையும் கட்டணத்திற்கு ஏற்றிச்செல்ல முன்வருபவர். வரையறையில் இடம்பெற்ற ‘தொடர்புடைய வகையில்’ என்ற தொடர் பின்னாளில் பெரும் வழக்கிற்கு வித்திட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க் துறைமுகச் சரக்கு முகவர்களின் நடைமுறைகளைக் கடல்சார் ஆணையம் விசாரிக்க முற்பட்டபோது, முகவர்கள் விவரம் தர மறுத்தனர். கப்பல் நிறுவனத்தோடு இணைந்த முகவர்களையே சட்டம் குறிப்பதாகவும், தனித்து இயங்குவோர் அதற்கு உட்பட்டவர் அல்லர் என்றும் அவர்கள் வாதிட்டனர். அமெரிக்க ஒன்றியம் எதிர் அமெரிக்கன் யூனியன் டிரான்ஸ்போர்ட் என்ற வழக்கில் 1946இல் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. தனித்து இயங்கும் முகவரும் கப்பல் நிறுவனத்தோடு தொடர்புகொண்டே தொழில் செய்கிறார். அவரை விட்டுவிட்டால், கப்பல் நிறுவனத்திற்குத் தடுக்கப்பட்ட பாகுபாடு முகவர் வழியாக நுழைந்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் இயற்றப்பட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, முகவர் அதற்கு உட்பட்டவர் என்பது ஐயமின்றி உறுதியானது.

தரகு யாருடைய பணம்? 1950 முதல் 1961 வரை

தீர்ப்பைத் தொடர்ந்து 1950இல் வெளியான 72ஆம் பொது ஆணை, முகவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. ஆயினும் தொழிலின் ஆழத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. முகவர் சரக்கு உரிமையாளருக்காக உழைத்தார்; அதே வேளையில் கப்பல் நிறுவனத்திடமிருந்தும் தரகு பெற்றார். கப்பல் கட்டணத்தில் 1.25 விழுக்காடு என்பது பரவலாக வழங்கிய அளவு. இத்தரகை நம்பி, சில முகவர்கள் பெரிய ஏற்றுமதியாளருக்குக் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பணி செய்தனர். அவ்வாறாயின், கப்பல் நிறுவனம் அளித்த தரகு முகவர் வழியே ஏற்றுமதியாளருக்குச் சென்று சேர்ந்த மறைமுகக் கழிவாகாதா என்ற வினா எழுந்தது.

இவ்விசாரணையில் 1961இல் முடிவு கூறிய கூட்டாட்சிக் கடல்சார் வாரியம் தரகு முறையைக் கடுமையாகச் சாடியது. தரகு நின்றால் தொழிலே நிலைக்காது என முகவர்கள் முறையிட்டனர். நாடாளுமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் நடுவழி ஒன்றைக் கண்டது. 87–254ஆம் எண் சட்டம் தரகை ஒழிக்கவில்லை. அதற்கு நிபந்தனைகளை விதித்தது. முகவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கப்பலில் இடம் பதிவு செய்ததோடு, கப்பல் இரசீதை ஆயத்தம் செய்தல், ஏற்றுமதி அறிவிப்பை நிறைவு செய்தல், கட்டணம் செலுத்துதல் போன்ற வரையறுக்கப்பட்ட பணிகளுள் குறைந்தது இரண்டையாவது செய்திருக்க வேண்டும். இவற்றை எழுத்தில் சான்றளித்த பின்னரே தரகு பெறலாம்.

அச்சட்டம் மேலும் இரு கட்டுப்பாடுகளை விதித்தது. உரிமம் பெறுபவர் அச்சரக்கின் விற்பனையாளராகவோ வாங்குபவராகவோ, அதில் ஆதாய உரிமை உடையவராகவோ இருத்தலாகாது. அவர் பிணைப்பத்திரமும் அளிக்க வேண்டும். ஆக, ‘யாருக்காக உழைக்கிறார்’ என்ற வினாவிற்குச் சட்டம் தந்த விடை இது: இடையீட்டாளர் இருவரிடமும் ஊதியம் பெறலாம், ஆனால் உண்மையான உழைப்பிற்கே பெற வேண்டும், அதுவும் ஏட்டில் தெரியப் பெற வேண்டும். அதே 1961 ஆகஸ்டில் உருவாக்கப்பட்ட கூட்டாட்சிக் கடல்சார் ஆணையத்திடம் உரிமம் வழங்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

கப்பல் இல்லாத சரக்கேற்றுநர்

இரண்டாம் வினா வேறொரு தொழிலிலிருந்து எழுந்தது. பலருடைய சிறு சரக்குகளைத் தொகுத்து, தம் பெயரில் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்து, வணிகர்களுக்குத் தாமே இரசீது வழங்கியோர் முகவர்களா, சரக்கேற்றுநர்களா? 1961இல் வாரியம் அளித்த தீர்ப்பு ஒன்று, கப்பலை உடைமையாகக் கொள்வது முதன்மையன்று என்றது. சரக்கை ஏற்றிச்செல்வதாகப் பொதுமக்களிடம் அறிவித்து, அதற்கான பொறுப்பையும் ஏற்பவர், ஒரு கப்பலும் இல்லாதவராயினும், பொதுச் சரக்கேற்றுநரே.

1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. அதன்பின் பரவிய சரக்குப் பெட்டகப் போக்குவரத்து, தொகுப்புத் தொழிலுக்குப் பேரூக்கம் அளித்தது. ஒரு பெட்டகத்தை நிரப்ப இயலாத வணிகர் பலரின் சரக்குகளை ஒன்றாக்குவது தனித்தொழிலாக வளர்ந்தது. 1984ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் இத்தொழிலர்க்கு என்.வி.ஓ.சி.சி. என்ற பெயரில் வரையறை வகுத்தது. அவ்வரையறையின்படி, இவர் தம் வாடிக்கையாளருக்குச் சரக்கேற்றுநர். கப்பல் நிறுவனத்திற்கோ சரக்கு அனுப்புநர். ஒரே சரக்கிற்கு இரு இரசீதுகள் எழுவது இதனாலேயே. கப்பல் நிறுவனம் தொகுப்பாளருக்குத் தருவது ஒன்று. தொகுப்பாளர் வணிகருக்குத் தருவது மற்றொன்று. சரக்கு சேதமுற்றால் வணிகர் தம் கையிலுள்ள இரசீதை வழங்கியவரிடமே முதலில் ஈடு கேட்க வேண்டும்.

1984ஆம் ஆண்டுச் சட்டம் முகவருக்கே உரிமத்தைக் கட்டாயமாக்கியது. தொகுப்பாளருக்கு உரிமமும் இல்லை, பிணையும் இல்லை. பெரும்பொறுப்பை ஏற்றவரிடம் எவ்வித ஈட்டுறுதியும் கோரப்படாத இம்முரணை 1990ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரளவு களைந்தது. தொகுப்பாளர் பிணைப்பத்திரம் அளிக்க வேண்டும். அயல்நாட்டவராயின் அமெரிக்காவில் சட்ட அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். கட்டண அட்டவணையும் பிணையும் இல்லாத தொகுப்பாளரின் சரக்கை, அறிந்தே ஏற்கும் கப்பல் நிறுவனமும் குற்றம் புரிந்ததாகும். காவற்பணியின் ஒரு பகுதியைச் சட்டம் தொழிலின் உள்ளேயே வைத்தது.

1998ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

1998இல் நிறைவேறி 1999 மே முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கடல்வழிக் கப்பல் சீர்திருத்தச் சட்டம், முகவரையும் தொகுப்பாளரையும் ‘கடல்வழிப் போக்குவரத்து இடையீட்டாளர்’ என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இயங்கும் தொகுப்பாளருக்கும் உரிமம் கட்டாயமானது. பிணைத்தொகை முகவருக்கு 50,000 டாலர், தொகுப்பாளருக்கு 75,000 டாலர், உரிமம் பெறாத அயல்நாட்டுத் தொகுப்பாளருக்கு 1,50,000 டாலர் என்று வகுக்கப்பட்டது. பொறுப்பின் அளவும், நீதிமன்றம் எட்டிப்பிடிக்க இயலாத தொலைவும் மிகுந்தால் பிணையும் மிகும் என்பதே இவ்வரிசையின் தருக்கம்.

அதே சட்டம் கப்பல் நிறுவனங்களுக்கு மறைவொப்பந்த உரிமையை அளித்தது. தொகுப்பாளர் தம் வாடிக்கையாளரோடு அத்தகைய ஒப்பந்தம் செய்ய இயலவில்லை. வெளியிட்ட அட்டவணைக் கட்டணத்தையே வாங்க வேண்டியிருந்தது. தொழில்முனைவோரின் விண்ணப்பங்களை ஏற்ற ஆணையம் 2005 முதல் சேவை ஏற்பாடுகளையும், 2011 முதல் பேசி முடிவு செய்த கட்டண ஏற்பாடுகளையும் அனுமதித்தது. எழுத்து வடிவில் உடன்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் தளர்த்தப்படவில்லை.

நடைமுறை விதிகளும் அவற்றின் வேர்களும்

இன்றைய விதிகளை இவ்வரலாற்றின் ஒளியில் வாசித்தால் அவற்றின் பொருள் தெளிவாகும். உரிமம் கோரும் நிறுவனத்தில் தகுதியாளர் ஒருவர் குறைந்தது மூன்றாண்டுத் தொழிலறிவு உடையவராக இருக்க வேண்டும். கேட்கும் வாடிக்கையாளருக்கு முகவர் கட்டண விவரத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும்; இது தரகுப் பூசலின் எச்சம். பொய்யான எடையோ பெயரோ குறித்துக் குறைந்த கட்டணம் பெறுவது குற்றம். இது கழிவு ஒழிப்பின் தொடர்ச்சி. கணக்குகளை ஐந்தாண்டுகள் காக்க வேண்டும் என்ற விதி, விவரம் தர மறுத்த நியூயார்க் முகவர்களின் வழக்கை நினைவூட்டுவது. 2015இல் வெளியான திருத்தங்கள் உரிமத்தை மூன்றாண்டிற்கு ஒருமுறை புதுப்பிக்கச் செய்தன.

2022 ஜூனில் கையெழுத்தான புதிய சீர்திருத்தச் சட்டம், பெருந்தொற்றுக் காலத்து நெரிசலில் பெருகிய தாமதக் கட்டணங்களை நோக்கியது. அதன்வழி வந்து 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தாமதக் கட்டணப் பட்டியல் 30 நாள்களுக்குள் அனுப்பப்பட வேண்டும். கப்பல் நிறுவனத்திடமிருந்து பட்டியல் பெறும் தொகுப்பாளர், அது வெளியான நாளிலிருந்து 30 நாள்களுக்குள் தம் வாடிக்கையாளருக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். 1984ஆம் ஆண்டு வரையறை காட்டிய இருமுகத் தன்மை இவ்விதியிலும் தொடர்கிறது.

இவ்விதிகள் தமிழகத்துக் கரையையும் தொடுகின்றன. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருந்து அமெரிக்கத் துறைமுகத்திற்குத் தம் பெயரில் இரசீது வழங்கும் தொகுப்பாளர், அந்நாட்டு உரிமம் பெறாதவராயின், 2013இல் வகுக்கப்பட்ட விதிப்படி ஆணையத்தில் பதிவு செய்து, மேற்சொன்ன 1,50,000 டாலர் பிணையையும் அளிக்க வேண்டும்.

விதிகளின் எல்லை

இவ்வமைப்பு குறையற்றதன்று. பிணைத்தொகைகள் 1999இல் வகுக்கப்பட்ட அளவிலேயே நிற்கின்றன. பலருடைய கட்டணத்தைப் பெற்று வைத்திருக்கும் தொகுப்பாளர் நொடித்தால், 75,000 டாலர் அனைவருக்கும் ஈடாகாது. மேலும், 2009இல் லேண்ட்ஸ்டார் எக்ஸ்பிரஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தொகுப்பாளருக்காகச் செயல்படும் துணை முகவர் தனி உரிமம் பெறத் தேவையில்லை என்றது. தொகுப்பாளரே பொறுப்பாளி என்பதால் தருக்கப்படி இத்தீர்ப்பு பொருந்துவதே. எனினும், வணிகர் நேரில் சந்திக்கும் மனிதர் உரிமத்திற்கு வெளியே நிற்கக்கூடும் என்பதும் அதன் விளைவு.

முடிவுரை

1916 முதல் 1961 வரையான காலம் இடையீட்டாளரின் நடுநிலையை வரையறுக்க முயன்றது. 1961 முதல் 1998 வரையான காலம் அவருடைய பொறுப்பை வரையறுத்தது. அதன் பின்னர் வந்த விதிகள் இவ்விரண்டையும் கணக்கேட்டிலும் காலக்கெடுவிலும் பதித்தன. இவ்விதிகளை வெறும் ‘இணக்கப் பட்டியல்’ ஆகக் கற்பிக்கும்போது, ஒவ்வொன்றும் யாருடைய இழப்பைத் தடுக்கப் பிறந்தது என்பது மறைந்துவிடுகிறது. பிணைப்பத்திரத்தின் பின்னே ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்த நேரும் வணிகரும், பிரித்துக் காட்டும் பட்டியலின் பின்னே பெரியவருக்குக் கிடைத்த கழிவு கிட்டாத சிறிய ஏற்றுமதியாளரும் நிற்கின்றனர். வணிகவியல், சட்டவியல் பாடங்களில் இவ்விதிகள் அவற்றின் வரலாற்றோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இவ்வாய்வு முன்வைக்கும் முடிவு.