ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்

1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்களுக்கு ஒரே மோகம். வாங்குபவருக்கு அழகு, பெயின்டருக்குத் தலைவலி. முதல் நிறம் காய்ந்ததும் அந்தப் பகுதியைப் பழைய செய்தித்தாளால் மூடி, ஓரங்களைப் பசையாலோ மருத்துவப் பிளாஸ்திரியாலோ ஒட்டிவிட்டு அடுத்த நிறத்தை அடிப்பார்கள். பிளாஸ்திரியைப் பிய்த்தால் அடியிலிருந்த பெயின்ட்டும் உரிந்து வரும். மறுபடியும் முதலிலிருந்து வேலை.

1923இல் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் அப்படியொரு பட்டறைக்குப் போனார் ரிச்சர்ட் ட்ரூ. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர், நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்தவர். வேலை பார்த்தது 3எம் கம்பெனியில். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் புதுவகை உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கத்தான் போயிருந்தார். பெயின்டர்கள் வாய்விட்டுத் திட்டுவதைக் கேட்டதும், இதற்கு நான் வழி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். டேப் செய்வது பற்றி அவருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. ஆனால் காகிதத்தில் பசை தடவி அதன்மேல் துகளை ஒட்டினால்தானே உப்புத்தாள்? துகளை விட்டுவிட்டால் பாதி டேப் கையில் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஈராண்டு பிடித்தது. பலமாக ஒட்டும் பசைக்குப் பஞ்சமில்லை. ஒட்டிவிட்டு, கேட்டதும் விட்டுவிடும் பசைதான் கிடைக்கவில்லை. எண்ணெய்களையும் பிசின்களையும் கலந்து கலந்து பார்த்த ட்ரூ, கடைசியில் தச்சர்களின் பசையில் கிளிசரின் சேர்த்தபோது வழி திறந்தது. வளைவுகளில் இழுபட்டுப் படிவதற்குச் சுருக்கம் வைத்த கிரேப் காகிதத்தை எடுத்துக்கொண்டார். நடுவில் மேலாளர் வில்லியம் மெக்நைட், இதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார் என்றார். ட்ரூ கொஞ்ச நாள் கேட்டார், பிறகு கேட்கவில்லை. மெக்நைட்டும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார். அந்த டேப்பின் பிறப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்பேன்.

1925இல் இரண்டு அங்குல அகலத்தில் மாஸ்கிங் டேப் வந்தது. முதல் மாதிரியில் ஓரங்களில் மட்டும் பசை தடவியிருந்தார்கள். அது கழன்று விழ, கம்பெனியின் கஞ்சத்தனத்தை ஒரு பெயின்டர் ஏசியதாகக் கதை உண்டு. பிறகு முழுக்கத் தடவினார்கள்.

கார் பட்டறையின் இந்தப் பொருள், குட்டி விமானமும் டாங்கியும் செய்பவர்களின் மேசைக்கு வந்தபோது அளவு ஒரு சிக்கலானது. 72இல் ஒரு பங்காகச் சுருக்கிய விமானத்தில் பெயின்ட் ஒரு மில்லிமீட்டர் கசிந்தால், அசல் விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் வழிந்ததற்குச் சமம். தடித்த கிரேப் காகிதத்தின் சுருக்கங்களே கசிவுக்கு வாய்க்கால் வெட்டித் தரும். இதற்கு விடை ஜப்பானின் வாஷி காகிதம்: மெல்லியது, ஓரம் நறுக்கென்று நிற்கும். அங்கே வாஷி டேப்புக்குப் பேர்போன காமோய் கம்பெனி, குராஷிகியில் 1923இல் ஈ ஒட்டும் தாள் செய்யத் தொடங்கியது. ட்ரூ பட்டறைக்குப் போன அதே ஆண்டு! வந்த ஈயை விடாத பசையில் ஆரம்பித்தவர்கள், விட்டுவிடும் பசையில் பேர் வாங்கினார்கள்.

இன்று மாடல் செய்பவர்கள் பலர் கைவைப்பது, ஜப்பானின் டமியா விற்கும் மஞ்சள் டேப்பில். 6 மில்லிமீட்டர் அகலத்திலும் கிடைக்கிறது. சுருளின் ஓரத்தில் தூசி ஒட்டியிருக்கும், ஆகவே கண்ணாடிமேல் ஒட்டிப் புது பிளேடால் ஓரத்தைச் சீவிக்கொள்ளுங்கள். மாடலில் ஒட்டியதும் ஓரத்தைப் பல்குத்தியால் அழுத்தித் தேயுங்கள். அடுத்த நிறத்துக்கு முன், அடியிலுள்ள நிறத்தையே ஓரத்தின்மேல் லேசாக ஒரு பூச்சு அடியுங்கள். கசிந்தாலும் அதே நிறம்தான், கண்ணுக்குத் தெரியாது. உரிக்கும்போது மேலே இழுக்காமல், டேப்பை அதன் முதுகின்மேலேயே மடித்து மெதுவாக உரியுங்கள். ஸ்டேஷனரி கடை டேப் மலிவுதான். அதைப் பெட்டி ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள்.