சிறப்புரிமை

சிறப்புரிமை (பெயர்ச்சொல்): சிறப்பு + உரிமை. ஒருவருக்கோ ஒரு பிரிவினருக்கோ மட்டும் உரியது. மலாயில் 'ஹாக் இஸ்திமேவா'; ஆங்கிலத்தில் 'பிரிவிலேஜ்', தனியாளுக்கான சட்டம் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சலுகை வேறு; அது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. சிறப்புரிமைக்குச் சட்டமோ மரபோ துணை. சமூக வழக்கில், பிறப்பாலோ வசதியாலோ கேட்காமலே கிடைக்கும் முன்னுரிமையையும் குறிக்கும்.

சட்டம் தந்ததைச் சட்டமே திரும்பப் பெறலாம். மலேசிய மாநில ஆட்சியாளர்கள்மீது தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடர முன்பு இயலாதிருந்தது. 1992இல் ஹாக்கிப் பயிற்சியாளர் டக்ளஸ் கோமஸ், ஜொகூர் சுல்தான் இஸ்கந்தர் தம்மைத் தாக்கியதாகப் புகார் செய்தார். இதையடுத்து, 1993ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் அந்த விலக்கை நீக்கி, ஆட்சியாளர்களுக்கெனச் சிறப்பு நீதிமன்றம் அமைத்தது. அங்கும் வழக்குத் தொடரச் சட்டத்துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். சிறப்புரிமை சுருங்கியதே தவிர மறையவில்லை.