ஓட்டில் வெட்டிய பெயர்கள்

சிவாஜிநகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்த்து, விலை பேசி முடித்ததும், "பேர் வெட்டிக் குடுங்க" என்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவர்களுக்குப் பாத்திரத்தில் பெயர் இருப்பது ஒரு பிடிமானம். இவ்வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்குக் கடல் கடந்த சான்றுகள் உள்ளன.

எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசைர் அல் கதீம், பண்டைக் கிரேக்கர் மியோஸ் ஹோர்மோஸ் என்றழைத்த துறைமுகமாகும். அங்கே 1978 முதல் 1982 வரை நடந்த அகழாய்வில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பின்னர் கிடைத்த மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்றிருப்பதை 2007இல் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். 'ஒறி' என்பது வேறொன்றுமில்லை, நம்ம வீட்டு உறிதான்! அதே கடற்கரையில், இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரால் அமைத்த பெரெனிகே துறைமுகத்திலும் 1995இல் 'கொற்றபூமான்' என்ற பெயர் பொறித்த ஓடு கிடைத்தது. அங்கே ஒரு கோயிலில் இருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ அளவில் மிளகும் இருந்தது.

கிழக்கே தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்தது கையடக்கமான ஓர் உரைகல். 'பெரும்பதன் கல்' என்பது அதிலுள்ள எழுத்து. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. பொன் உரைத்த ஒரு தட்டான் தன் கருவியில் பெயர் வெட்டிக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறான். இவர்கள் யாரும் அரசர் அல்லர். இவர்களுக்கு மெய்க்கீர்த்தி பாட ஆளில்லை. கிடைத்தது இந்தத் துண்டுகள்தாம்.

கேரளத்துப் பட்டணம் அகழாய்வில் கிடைத்த ஓட்டில் 'அமண' என்ற மூன்றெழுத்து உள்ளதென்று 2011இல் செய்தி வந்தபோது, சமணனாகிய எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சமணர் என்றே மகாதேவனும் பொருள் கொண்டார். ஆயினும் 'சிரமணர்' என்ற மூலச்சொல் பௌத்தத் துறவியரையும் குறித்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. தராசில் விரல் வைக்கக்கூடாது என்பது கடையிலும் வரலாற்றிலும் ஒன்றே.

ஐயம் குறைந்த சான்று வேண்டுவோர் கரூரை அடுத்த புகளூருக்குச் செல்லலாம். அங்கே ஆறுநாட்டார் மலைக் குகையில், சேரர் கல்வெட்டு 'அமண்ணன்' செங்காயபன் என்னும் முனிவருக்கு உறைவிடம் அளித்ததைக் கூறுகிறது. அவ்விடத்திலேயே கருவூர்ப் பொன் வணிகன் நத்தி என்பவனும் தான் செய்த அறத்தைப் பொறித்துள்ளான். அரசனும் வணிகனும் ஒரே பாறையில்!

இனி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயரும் ஊரும் ஆண்டும் வெட்டிய பித்தளை அண்டாக்களை எடைக்குப் போட வருகிறார்கள். நானே எத்தனையோ எடை போட்டு உருக்க அனுப்பியிருக்கிறேன். இப்போது அனுப்புவதற்கு முன் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். தாங்களும் போடுமுன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். நம் குடும்பங்கள் இங்கு வந்த கதைக்கு அதுதானே கல்வெட்டு?