பேரிளம்பெண்ணும் யமுனாவும்

முதிர்ந்த பெண்ணின் அழகு காதற்கதைக்கு உரியதன்று என்பார் உளர். தமிழ் மரபு அவ்வாறு கருதியதில்லை. உலா இலக்கியம் பெண்ணின் பருவத்தை ஏழாக வகுத்தது. பேதை தொடங்கி நிகழும் அவ்வரிசை பேரிளம்பெண்ணில் நிறைவுறும். பரவலாக வழங்கும் கணக்கின்படி அவள் 32 முதல் 40 வயதினள். முதிர்ச்சியும் இளமையும் ஒருங்கே அமைந்த பெயர் அது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில், சோழ வேந்தர் பவனி வரும் வீதியில் அவளும் காதலால் உருகி நிற்கிறாள்.

ஆயினும் அது ஒருதலைக் காமம். வேந்தன் கடந்து போவான். அவள் வாழ்வை நூல் தொடர்வதில்லை. நாற்பதுக்கு அப்பால் அவ்வீதியில் பெண்ணுக்கு இடமும் இல்லை.

அந்த வாழ்வைத் தொடர்ந்தவர் தி. ஜானகிராமன். 'மோகமுள்' நாவலின் யமுனா, பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். வரன்கள் தட்டிப்போகின்றன, வறுமை வாட்டுகிறது, ஆண்டுகள் கரைகின்றன, அவன் காதலோ தேய்வதில்லை. மறுத்தவளும் அவளே, பின்னர் இசைந்தவளும் அவளே. 1966இல் வெளிவந்த 'அம்மா வந்தாள்' நாவலில், வளர்ந்த பிள்ளைகளின் தாயான அலங்காரம் கம்பீரம் குன்றாத அழகோடு நிற்கிறாள்.

எனினும் இவ்விரு பெண்களையும் நாம் பெரிதும் காண்பது பாபுவின் கண்வழியும் மகன் அப்புவின் கண்வழியுமே. பார்க்கப்படும் அழகை மரபு நமக்குத் தந்துவிட்டது. நாற்பதைக் கடந்தவள் தன் அழகைத் தன் சொல்லால் உரைக்கும் பாடல்கள், நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் மலர்தல் வேண்டும்.