அவுட்போர்டு மோட்டாரின் சாய்கோணம்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார் அப்பலகையோடு கொள்ளும் கோணம், டிரிம் எனப்படும். சிறிய மோட்டார்களில் தாங்கியிலுள்ள துளைகளில் கம்பியை மாற்றிச் செருகியும், பெரியவற்றில் பொத்தானை அழுத்தி நீரியல் உருளையாலும் இதை மாற்றலாம்.

மோட்டாரின் கீழ்ப்பகுதி பலகையை நெருங்கினால் படகின் முன்பகுதியான அணியம் தாழும். புறப்படும் படகு விரைவில் நீர்மேல் எழுந்து வழுக்கிச் செல்ல இது உதவும். அந்நிலையிலேயே ஓட்டினால் அடிப்பாகம் அதிகம் நனைந்து, உராய்வு கூடி, வேகம் குறையும். வழுக்கத் தொடங்கியபின் கீழ்ப்பகுதியைச் சற்று வெளியே தள்ளினால் அணியம் உயரும், நனையும் பரப்பு சுருங்கும், வேகம் கூடும். அளவு மீறினால் அணியம் மேலும் கீழும் துள்ளும். உந்துவிசிறி காற்றை இழுப்பதால் எஞ்சின் சுழற்சி எகிறியும் வேகம் விழும். நீரைப் பிளந்து மெதுவாகச் செல்லும் படகுகளில் இதன் விளைவு சிறிதே.