சூடோ

சூடோ என்பது யுனிக்ஸ், லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு பயனர் இன்னொரு பயனரின் உரிமையோடு கட்டளைகளை இயக்க வழிசெய்யும் நிரல். பெரும்பாலும் ரூட் எனப்படும் தலைமைக் கணக்கின் அதிகாரத்தைச் சர்வர் நிர்வாகிகளுக்கு அளவோடு பிரித்துக் கொடுக்கவே இது பயன்படுகிறது.

தேவை

பயனர் எண் 0 கொண்ட ரூட் கணக்கைச் சாதாரணக் கோப்பு அனுமதிகள் தடுப்பதில்லை. அதன் கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொண்டால், எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று கண்டறிவது கடினம். ஒருவர் பணியிலிருந்து விலகினாலும் கடவுச்சொல்லை மாற்றி மற்ற அனைவருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும். சூடோவில் வழக்கமாக அவரவர் தம் கடவுச்சொல்லையே தருவர். இயக்கிய கட்டளை அவரவர் பெயரில் பதிவாகும்.

வரலாறு

1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகியோர் இதை உருவாக்கினர். 1990களிலிருந்து டாட் மில்லர் பராமரித்து வருகிறார். 2004இல் வெளியான உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பே ரூட் கடவுச்சொல்லை முடக்கிவிட்டு, நிர்வாகப் பணிகளைச் சூடோ வழியாக நடத்தியது. யுனிக்ஸ் வகை இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டி 2015இல் சூடோவை விடுத்து, அளவில் சிறிய டூஆஸ் என்ற நிரலுக்கு மாறியது.

உரிமை வரையறை

யார், எந்தக் கணினியில், எவருடைய உரிமையில், எந்தக் கட்டளையை இயக்கலாம் என்ற விதிகள் சூடோயர்ஸ் என்ற கோப்பில் இருக்கும். இணைய சர்வரை மறுதொடக்கம் செய்யும் கட்டளையை மட்டும் ஒருவருக்குத் தரலாம். ஆளுக்கு ஆள் விதி எழுதாமல் குழுவுக்கு எழுதுவதும் உண்டு: டெபியன், உபுண்டுவில் சூடோ குழுவும், ரெட் ஹேட், ஃபெடோராவில் வீல் குழுவும் முழு உரிமை பெறுகின்றன. கோப்பில் தொடரமைப்புப் பிழை நேர்ந்தால் சூடோவே இயங்காமல் போகலாம் என்பதால், சேமிக்கும் முன் பிழை பார்க்கும் விசூடோ கருவியைக் கொண்டே அதைத் திருத்துவர்.

வரம்புகள்

ஒரே கட்டளைக்குத் தரும் அனுமதியும் முழு அதிகாரமாக விரியக்கூடும். விஐ தொகுப்பியை ரூட்டாக இயக்க விட்டால், அதனுள்ளிருந்தே, எந்தக் கட்டளையையும் ரூட் உரிமையில் இயக்கும் ஷெல்லைத் திறந்துவிடலாம். கோப்பின் நகலைப் பயனரின் சொந்த உரிமையில் திருத்த விட்டு, பிறகு மூலக் கோப்பில் எழுதும் சூடோஎடிட் இதற்கு மாற்று.

நிரலிலும் குறைகள் இருந்துள்ளன. 2011இல் நுழைந்த நினைவகப் பிழை ஒன்றைக் குவாலிஸ் நிறுவனம் 2021 ஜனவரியில் வெளிப்படுத்தியது. சூடோயர்ஸில் பெயரே இல்லாத உள்ளகப் பயனரும் அதன்வழி ரூட் அதிகாரம் பெற முடிந்தது. 1.9.5பி2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது.