சங்கு ஊதிய பின் ஒரு வடா பாவ்

அப்பா பம்பாயில், பரேலில் ஒரு துணி ஆலையில் கணக்கெழுதினார். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் நானும் தம்பியும் தூங்குவதுபோல் கிடப்போம். சட்டையைக் கழற்றுமுன் அவர் பையிலிருந்து எண்ணெய் ஊறிய செய்தித்தாள் பொட்டலம் வெளியே வரும். உள்ளே இரண்டு வடா பாவ். ஆறி, வியர்த்து, ரொட்டி நசுங்கிப் போயிருக்கும். அதையே அமிர்தமாகத் தின்றோம்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள் என்னை தாதர் ஸ்டேஷன் வாசலுக்குக் கூட்டிப்போனார். கொதிக்கும் எண்ணெயிலிருந்து வடையை எடுத்த கையோடு பாவில் வைத்து அழுத்தி நீட்டினார் கடைக்காரர். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "ஏல, இங்கயே நின்னு தின்னுரு. வீட்டுக்குப் போனா அது வேற சாமான்" என்றார் அப்பா. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வடா பாவ் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

ரொட்டிக்கு நடுவே ஒன்றை வைத்துக் கையால் பிடித்துத் தின்பது சாண்ட்விச் என்றால், நான் தின்றவற்றில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. வடை நம்மூர் உருளைக்கிழங்கு போண்டாவுக்குப் பங்காளி. மசித்த கிழங்கில் பச்சைமிளகாய், இஞ்சி, பூண்டு, கடுகு, மஞ்சள், கொத்தமல்லி. மேலே கடலைமாவுத் தோல். அந்தத் தோல் மெல்லியதாக இருக்க வேண்டும். பாவ் அன்று காலை சுட்டதாக, அழுத்தினால் மீண்டும் எழும்புவதாக இருக்க வேண்டும். ஆனால் இதன் உயிர் பூண்டுப்பொடியில் இருக்கிறது. கொப்பரை, பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்து இடித்த செந்நிறப் பொடி அது. ஈரச் சட்னி ரொட்டியைக் குழைத்துவிடும்; உலர்ந்த பொடி குழைக்காமல் காரம் தரும். பக்கத்தில் உப்பில் புரட்டிப் பொரித்த ஒரு பச்சைமிளகாய். இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம்.

இதில் உள்ள பொருள்கள் வந்த தூரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுகீசியர் வழியாக நம் மேற்குக் கரைக்கு வந்தவை. மராத்தியில் கிழங்குக்கு 'படாடா' என்ற பெயரே அவர்கள் விட்டுச் சென்றது. 'பாவ்' என்பதும் ரொட்டிக்கு அவர்கள் வைத்திருந்த சொல்தான். இந்தியில் காலைக் குறிக்கும் சொல்லும் அப்படியே ஒலிப்பதால், காலால் மிதித்துப் பிசைவதால் அந்தப் பெயர் என்று பம்பாயில் சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை. ஈஸ்ட் கிடைக்காத கோவாவில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்த ரொட்டிக்காரர்கள் பம்பாயில் அடுப்பு மூட்டினார்கள். பிறகு இரானிகளும் பேக்கரி வைத்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய பாவ்களை 'லாதி' என்று முழுப் பாளமாக விற்பார்கள். விடிகாலையில் சைக்கிள் மணியோடு தெருவுக்குள் வரும் பாவ்வாலாவைத் தெரியாத பம்பாய்ப் பிள்ளை இல்லை.

வடையும் பாவும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் சேர்த்த பெருமையை ஊர் அசோக் வைத்யாவுக்குத் தருகிறது. 1966இல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அவர் கடை போட்டார். பக்கத்தில் ஒருவர் ஆம்லெட் பாவ் விற்றதைப் பார்த்து, பாவுக்குள் வடையை வைத்தார் என்பார்கள். வேறு பெயர் சொல்பவர்களும் உண்டு. யார் முதலில் வைத்தார் என்பதைவிட, எதற்காக அது நிலைத்தது என்பதே எனக்கு முக்கியம். பரேல், லால்பாக், வர்லி எல்லாம் சேர்ந்தது கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர். மூன்று ஷிஃப்டுகளிலும் ஆலை ஓடியது. கோவையிலும் மதுரையிலும் போலவே அங்கும் சங்குதான் நேரம் சொல்லும். சங்குக்கும் ரயிலுக்கும் இடையில் உட்கார்ந்து சாப்பிட யாருக்கு நேரம்? தட்டில்லை, இலையில்லை, ஒரு கையில் டிபன் பை, மறு கையில் வடா பாவ். அந்த அவசரம் செதுக்கிய வடிவம் இது.

அதே 1966இல்தான் சிவசேனா பிறந்தது. அதன் முதல் கோபம் எங்கள்மேல்தான் விழுந்தது. தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்றார்கள்; உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மராத்தி இளைஞர்கள் வடா பாவ் வண்டி போட வேண்டும் என்று கட்சி ஊக்கம் கொடுத்தது. அந்த நாட்களில் அப்பா வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். ஆனாலும் வடா பாவை அவர் விடவில்லை. ஆலை வாசல் வண்டிக்காரர் அவரிடம் ஒருநாளும் ஊர் கேட்டதில்லை. கையில் காசில்லாத மாதக் கடைசியில் கடனும் கொடுத்திருக்கிறார்.

1982 ஜனவரி 18. தொழிற்சங்கவாதி தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. அப்பாவின் ஆலையும் அதில் ஒன்று. வர வேண்டிய பாக்கி முழுவதும் கடைசிவரை வரவில்லை. தறி ஓட்டிய கைகளில் பல எண்ணெய்ச் சட்டிக்கு மாறின. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்த நெசவுக்காரர் ஒருவர் லால்பாக்கில் வண்டி போட்டார். வேலை தந்த ஆலைகள் மூடின. ஆலைக்காரர்களின் தீனி மட்டும் நகரம் முழுவதற்கும் சொந்தமானது.

இன்று லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பெரிய வணிக வளாகம் நிற்கிறது. பழைய புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் வடா பாவில் சீஸும் மயோனீஸும் வைத்துப் பெட்டியில் தருகிறார்கள். பூண்டின் காரத்தை சீஸ் அமுக்கிவிடுகிறது. மொறுமொறுத்த தோல் மயோனீஸில் நமுத்துவிடுகிறது. அதை நான் வடா பாவாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மும்பைக்குப் போகிறவர்கள் தாதரில் இறங்கினால், சட்டி கொதிக்கும் ஒரு வண்டிக்கு முன்னால் நில்லுங்கள். பொட்டலம் கட்டச் சொல்லாதீர்கள். அங்கேயே நின்று தின்றுவிடுங்கள்.